பரிசத் தட்டுக்கு ஓர் ஆப்பிள்

என் கல்யாணத்தை ஜாதகம் முடிவு செய்யவில்லை, கோயிலில் கேட்கும் பூவாக்கு முடிவு செய்யவில்லை. ஐந்து ஆப்பிள் மரங்கள்தான் முடிவு செய்ய வேண்டும் என்று எங்கள் வீட்டில் ஆகிப்போனது. அது எப்படி அப்படி ஆனது என்று இன்றைக்கு யோசித்தாலும் எனக்குத் தலையும் புரிவதில்லை, வாலும் புரிவதில்லை.

எழுபதுகளின் கடைசி அது. போடியில் எங்களுக்கு வீடு. மலை மெட்டு ஏறி அந்தப் பக்கம் இறங்கும் சரிவில் அப்பாவுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம். ஊரில் நாலு பேர் செய்வதைத் தானும் செய்தால் அப்பாவுக்குச் சோறு செரிக்காது. எல்லாரும் ஏலம் வைத்த மலையில், காற்று அறைந்து ஏலம் பிடிக்காத உச்சி ஓரமாகப் பார்த்து, கொடைக்கானலிலிருந்து ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த ஆப்பிள் கன்றுகளை நட்டுவிட்டார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர், "ஏலக்காட்டுல ஆப்பிள் காய்ச்சா நான் மீசைய எடுத்துர்றேன்" என்று ஜீப்பு ஸ்டாண்டில் நாலு பேர் கேட்கச் சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கு அதற்கு மேல் உரமே தேவைப்படவில்லை.

அந்தக் காலத்தில் போடியில் ஆப்பிள் என்றால் ஆஸ்பத்திரிப் பழம். பஸ்ஸில் ஒருவர் மடியில் ஆப்பிள் பொட்டலம் இருந்தால், பக்கத்தில் இருப்பவர் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு "யாருக்கு மேலுக்கு முடியல?" என்று கேட்பார். ஆரோக்கியமாக இருப்பவர்கள் ஆப்பிள் தின்று நான் பார்த்ததில்லை. அந்தப் பழத்தைத்தான் அப்பா என் பரிசத் தட்டில் வைப்பேன் என்று கிளம்பினார்.

பக்கத்து ஊரான தேவாரத்தில் வாழ்க்கைப்பட்ட என் அத்தை, அப்பாவின் தங்கை, தன் மகனுக்கு என்னைக் கேட்டு வந்த அன்று இது நடந்தது. நான் உரிமைப் பெண். கேட்பதே ஒரு மரியாதைக்குத்தான். அப்பாவும் பிகு செய்யவில்லை.

"தர்றேன். வேற யாருக்குத் தரப்போறேன்? ஆனா தட்டு மாத்தும்போது என் தட்டுல என் மரத்து ஆப்பிள் இருக்கணும். அது காய்க்கட்டும், மறுநாளே நாள் குறிச்சுருவோம்."

"ஏண்ணே, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற பழத்தையா பரிசத்துல வைப்பாக?"

"கடைப் பழந்தான் ஆஸ்பத்திரிக்கு. இது சொந்தப் பழம்."

அடுப்படியிலிருந்து அம்மா, "கல்யாணம் மகளுக்கா, மரத்துக்கா?" என்று கேட்டாள்.

என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ. அத்தை மகனைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அவர்களுக்கு மலையடிவாரத்தில் கடலைக் காடு. ஆனை இறங்கி மிதித்துவிடும் என்று ராத்திரியெல்லாம் பரண்மேல் காவல் இருப்பார். அதனால் பகலில் உட்கார்ந்த இடத்தில் தூக்கம். எங்கள் வீட்டுக்கு வந்தால் காப்பி டம்ளரைக் கையில் பிடித்தபடியே கண் அசந்துவிடுவார்; டம்ளர் மட்டும் சாயாது. நல்ல பிள்ளை என்று எல்லாரும் சொன்னார்கள். தூங்குகிறவரைப் பற்றி வேறு என்னதான் சொல்வது?

மரங்கள் முதலில் நன்றாகத்தான் வளர்ந்தன. காய்க்க வேண்டிய வயது வந்ததும் நோவில் விழுந்தன. இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. பட்டையில் சாம்பல் நிறப் பாசி ஏறியது. கிளைக் கவட்டில் அழுகல் வைத்தது. அப்பா மலையிலிருந்து இறங்கிவந்து, துண்டை உதறிக்கொண்டே "இந்த வருசமும் இல்ல" என்பார். கேட்டதும் எனக்குள் ஒரு சந்தோஷம் வரும். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அது வருத்தமாகிவிடும். தேவாரத்தில் அத்தை மகனுக்கு வேறு பெண் பார்க்கிறார்களாம் என்று யாராவது சொல்லிவிட்டால் கோபம் வரும். யார்மேல் என்று தெரியாது. மரம் பிழைக்க வேண்டும் என்று மாரியம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டு, வாசலைத் தாண்டுவதற்குள் வேண்டுதலைத் திருப்பி வாங்கிக்கொண்டதும் உண்டு. அம்மனுக்கே என்னை என்ன செய்வதென்று விளங்கியிருக்காது.

ஏலக்காய் ஏலத்துக்கு வடக்கேயிருந்து வந்துபோகும் வியாபாரி ஒருவர், குளிர் ஊர் ஆப்பிள் தோட்டங்களைப் பார்த்தவர், அப்பாவுக்கு வைத்தியம் சொன்னார். இலை மஞ்சளுக்கும் பாசிக்கும் அன்னபேதி என்கிற இரும்பு உப்புக் கரைசல், அழுகலுக்குச் செம்பு உப்பான மயில்துத்தம். இரண்டையும் தனித்தனியாக, இடைவெளி விட்டு, மரம் இலையெல்லாம் உதிர்த்துத் தூங்கும்போது அடிக்க வேண்டும். துத்தம் எங்களிடமே மூட்டையில் இருந்தது. மலையில் அதைத் துரிசு என்பார்கள். ஏலச்செடி அழுகலுக்குச் சுண்ணாம்போடு கலந்து அடிப்பது. அன்னபேதியை மட்டும் அப்பா போடி நாட்டுமருந்துக் கடையில் வாங்கிவந்தார். பச்சைக் கண்ணாடித் துண்டுகளாக இருந்தது.

"இது சோகை புடிச்ச பொம்பளைகளுக்குக் குடுக்குறதில்ல?" என்றாள் அம்மா.

"வெளுத்துப்போயிக் கெடக்குல்ல? அப்ப அதுக்கும் சோகைதான்" என்றார் அப்பா. ஒரு நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டதில் அவருக்கு அவ்வளவு நிம்மதி.

மார்கழி வந்தது. வாயைத் திறந்தால் புகை வருகிற குளிர். ஆனால் மரம் தூங்குவதாக இல்லை. பழைய இலை பழைய இலையாகவே இருக்க, நடுவில் புதுத் துளிர் வேறு எட்டிப் பார்த்தது. அப்பா தினமும் மரத்தடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார். அவரிடம் வெகு காலமாக வேலை பார்த்த கங்காணி, "இங்க எந்த மரம் மொதலாளி தூங்குது? வருசம் பூரா முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கு" என்றார்.

"தேவாரத்து மச்சானை மேல கூட்டியாங்க. எப்படித் தூங்குறதுன்னு மரத்துக்குச் சொல்லிக் குடுப்பாரு" என்றேன் நான். அப்பா சிரிக்கவில்லை. ஆனால் மருந்தடிக்க ஒத்தாசைக்கு வேண்டும் என்று நிஜமாகவே அவருக்கு ஆள் விட்டுவிட்டார்.

தூங்காத மரத்தை அப்பா தூங்க வைத்த விதம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஏலக்காய் எடுக்கும் பெண்களை வரச்சொல்லி, மரத்தில் ஓர் இலை இல்லாமல் உருவிவிடச் சொன்னார். அவர்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "மொட்டை போடுறாகளே, எந்தக் கோயிலுக்கு நேத்தி?" என்று கேட்டுக்கொண்டே உருவினார்கள். நானும் உருவினேன். பக்கத்து மரத்தில் அத்தை மகன் ஏணிமேல் நின்று உருவிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். மருந்தடிக்கிற சோலிக்கு யாராவது வெள்ளைச் சட்டை போடுவார்களா? எனக்காகப் போட்டிருப்பாரோ என்று ஒரு கணம் தோன்றியது. வேறு சட்டை காயாமல் இருந்திருக்கும் என்று அடுத்த கணம் தோன்றியது.

மொட்டை மரங்கள் வெயிலில் நிற்க, மருந்து கலக்கும்போதுதான் அப்பாவுக்குச் சந்தேகம் வந்தது.

"மொதல்ல அன்னபேதின்னாரா, துத்தம்னாரா?"

யாருக்குத் தெரியும்? வியாபாரி வடக்கே போயாகிவிட்டது. அப்பா கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்தார். பிறகு, "வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதான்" என்று இரண்டையும் ஒரே மண்தொட்டியில் கொட்டிவிட்டார். நீலமும் பச்சையுமாகத் தண்ணீர் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அப்போது கங்காணி இடுப்பிலிருந்து அரிவாளை எடுத்தார். ஏலக்காட்டில் துத்தம் கலக்கும் யாரும் இதைச் செய்யாமல் மருந்தடிக்கும் பம்பைத் தொடமாட்டார்கள். துலக்கிய அரிவாள் நுனியைக் கலவையில் முக்கி எடுக்க வேண்டும். இரும்பின்மேல் செம்பு படிந்து சிவந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இலை கருகும் என்று அர்த்தம். சிவக்காமல் வந்தால் அடிக்கலாம். கங்காணி முக்கினார். அரிவாள் புதுச் செம்புக்காசு நிறத்தில் வந்தது.

"சுண்ணாம்பு கொண்டா" என்று பக்கத்தில் நின்ற பெண்ணிடம் சொன்னார்.

"ஏலத்துக்குத்தான்யா சுண்ணாம்பு. வியாபாரி சுண்ணாம்பப் பத்திப் பேசவே இல்ல" என்றார் அப்பா.

"அருவா செவந்தா ஒரு இலை மிஞ்சாது மொதலாளி."

"இலையத்தான் பூராம் உருவிட்டோமே!"

கங்காணி மரத்தைப் பார்த்தார், அரிவாளைப் பார்த்தார். அப்பா சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. ஆனாலும் சிவந்த அரிவாளை வைத்துக்கொண்டு பம்பைத் தூக்க அவர் கை துணியவில்லை. கடைசியில் சுண்ணாம்புப் பாலை ஊற்றினார்கள். அரிவாள் சிவக்காமல் வரும்வரை ஊற்றினார்கள். அழகாக இருந்த மருந்து கலங்கி அழுக்குப் பச்சையாகி, மேலே துருவாகத் திரண்டது. அதைத்தான் அடித்தார்கள். சாயங்காலம் மரங்கள் பழைய இரும்புக் கம்பிகளாக நின்றன. அத்தை மகனின் வெள்ளைச் சட்டை முழுக்கத் துருவும் நீலமும்.

"இது தொவைச்சாப் போகுமா?" என்று என்னைக் கேட்டார். அவர் என்னிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது. எனக்குத் தெரியவில்லை, தெரியவில்லை என்றே சொன்னேன்.

மாசி முடிவதற்குள் ஐந்து மரமும் பூத்துவிட்டன. வெள்ளைப் பூ, ஓரத்தில் லேசாக ரோஸ். மலையில் அதற்கு முன் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. மீசைக்காரர் ஜீப்பு ஸ்டாண்டுப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார். எதனால் பூத்தது என்பதுதான் அடுத்த சண்டை. அன்னபேதி என்றார் அப்பா. சுண்ணாம்பு என்றார் கங்காணி. "நாங்க இலைய உருவலேன்னா எங்குட்டுப் பூக்கும்?" என்றார்கள் காய் எடுக்கிற பெண்கள். ஆளாளுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. நான் மட்டும் பூவைப் பார்த்தபடி நின்றேன். ஆவணியில் முகூர்த்தம் வைக்கலாம் என்று அத்தை சொல்லியனுப்பியிருந்தாள்.

சித்திரையில் பிஞ்சுகள் நெல்லிக்காய்ப் பருமன் ஆயின. ஒரு தரம் அடித்ததற்கே இப்படிப் பூத்தால் இன்னொரு தரம் அடித்தால் காய் எப்படிப் பெருக்கும் என்று அப்பாவுக்கு ஆசை வந்துவிட்டது. கங்காணி வீரபாண்டித் திருவிழாவுக்கு இறங்கிப் போயிருந்தார். நானும் அம்மாவும்கூடத் திருவிழாவில் இருந்தோம். அப்பா கூலிக்கு ஓர் ஆளை வைத்துக்கொண்டு, இரண்டையும் கலந்து, சுண்ணாம்பு ஊற்றினால் மருந்து கெட்டுப்போகிறது என்று அதை மட்டும் விட்டுவிட்டு அடித்திருக்கிறார். முக்கிப் பார்க்க அரிவாளும் இல்லை, சொல்ல ஆளும் இல்லை. "தண்ணி மயில் கழுத்தாட்டம் இருந்துச்சு" என்று வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னார்.

திருவிழா முடிந்து மேலே போன கங்காணி, ஜீப்பு டிரைவரிடம் "மொதலாளிய வெரசா வரச்சொல்லு" என்று சொல்லியனுப்பினார். நானும் கூடப் போனேன். இலைகள் ஓரம் கருகிச் சுருண்டிருந்தன. பிஞ்சுகள் மரத்தடி முழுக்கக் கொட்டிக் கிடந்தன. அப்பா ஒன்றை எடுத்து, அது விழுந்த காம்பைக் கிளையில் தேடி, ஒட்டவைத்துப் பார்த்தார். கங்காணி தொட்டிப் பக்கம் போனார். அடியில் மிச்சம் இருந்த மருந்தில் அரிவாளை முக்கி எடுத்தார். செக்கச் செவேல் என்று வந்தது. அதை யாரிடமும் காட்டாமல் புல்லில் துடைத்துக்கொண்டார்.

நான் அழுதேன். போன வருஷமாக இருந்தால் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டிருப்பேன். இப்போது ஏன் அழுகிறேன் என்று எனக்கே விளங்கவில்லை. அப்பாவுக்காகவா, மரத்துக்காகவா, ஆவணிக்காகவா? மூன்றையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்த்தேன், எல்லாவற்றுக்கும் அழுகை வந்தது.

அப்புறம்தான் கங்காணி அதைக் கண்டுபிடித்தார். கடைசி மரத்தில், தடித்த கிளைக்குப் பின்னால் மருந்து சரியாகப் படாத இடத்தில், ஒரே ஒரு காய் தப்பியிருந்தது.

அப்பா அதற்குத் துணிப்பை கட்டினார். குரங்கு வராமல் காவல் போட்டார். செய்தி கேட்டு அத்தை போடிக்கு வந்தாள்.

"ஒண்ணுன்னாலும் ஒத்தப்படைதான். தட்டுல வைக்க அது போதும்" என்றார் அப்பா.

"அதும் விழுந்துருச்சுன்னா?"

"விழுந்தா சாமி உத்தரவு குடுக்கலன்னு அர்த்தம்."

"அண்ணே, எத்தனை வருசம் என் மகனுக்குச் சமாதானம் சொல்லுவேன்? இந்த ஆவணி தப்புச்சுன்னா நான் வேற எடம் பாத்துருவேன். அப்பறம் என்னைக் குத்தஞ் சொல்லக் கூடாது" என்றாள் அத்தை. அதைச் சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். ஆக, என் ஆயுசு ஒரு துணிப்பைக்குள் தொங்கியது. ராத்திரி போடியில் காற்றடித்தால்கூட எனக்கு விழிப்பு வந்துவிடும். விழுந்துவிடு என்பேனா, விழுந்துவிடாதே என்பேனா, அதைத் தீர்மானிப்பதற்குள் மறுபடி தூக்கம் வந்துவிடும்.

ஆடி முடியப்போகிற சமயம், மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு நாள், காயைப் பார்க்க அப்பா மலைக்குக் கிளம்பினார். நானும் ஜீப்பில் ஏறிக்கொண்டேன். மேலே அத்தை மகன் ஏற்கெனவே வந்து மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். ஆச்சரியம், விழித்திருந்தார். அதே சட்டை, துருக்கறை போகவே இல்லை. அப்பா பையைத் தடவிப் பார்த்துத் திருப்தியாகி, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரைப் பார்த்துவிட்டு வருவதாகக் கங்காணியோடு இறங்கினார். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஏ புள்ள, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்க."

"இது விழுந்துட்டா ஒனக்குச் சந்தோசமா, வருத்தமா?"

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. மூன்று குடும்பத்துக்குப் போதும் அளவுக்குப் பேச்சு நடந்திருந்தது. இதை ஒருவரும் கேட்டதில்லை. சரியான பதிலாகச் சொல்ல வேண்டும் என்று எவ்வளவோ யோசித்தேன்.

"தெரியல மச்சான்."

அவர் தலையாட்டினார். "எனக்குந் தெரியல. பரண்ல உக்காந்து இதத்தான் யோசிக்கிறேன். அந்த யோசனையில போன வாரம் ஆனை வந்ததே தெரியல. பாதிக் காட்டைத் தின்னுட்டுப் போயிருச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்த முடியாமல் சிரித்தேன். அவரும் சிரித்தார். அப்பாவுக்குத் தெரியும், அத்தைக்குத் தெரியும், கங்காணிக்குத் தெரியும், வடக்கத்தி வியாபாரிக்குத் தெரியும். தெரியாது என்று சொன்ன ஒரே ஆள் இவர்தான். அந்த இடத்தில்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

"அது தொங்குற வரைக்கும் நமக்குத் தெரியாது போல" என்று எழுந்தேன். பையை அவிழ்த்தேன். காய் சின்னதுதான், ஒரு கன்னம் சிவந்து, ஒரு கன்னம் பச்சையாக, தோள் முழுக்கத் துருச்சொறி. இரண்டு கையையும் அதன் கீழே கொண்டுபோனேன். விழாமல் தாங்கப் போகிறேனா, பறிக்கப் போகிறேனா என்று ஒரு கணம் எனக்குத் தெரியாது. பிறகு திருகினேன்.

"ஐயய்யோ, என்னா புள்ள பண்ற!"

"பாதி ஒங்களுக்கு."

"துத்தம் பட்ட மரம். செத்துக்கித்துப் போனா?"

"இந்த மழையெல்லாம் எதுக்குப் பேஞ்சுச்சு?"

அவர் வாங்கி, அந்தச் சட்டையிலேயே துடைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு கடி கடித்தார். புளிக்கிறது என்றார். நான் கடித்தேன், துவர்த்தது. மாற்றி மாற்றிக் கடித்துத் தின்றோம்; கடைசிக் கடி அவருடையது.

அப்பா மேலே வரும்போது பை காலியாக ஆடிக்கொண்டிருந்தது. கொட்டைப் பகுதி அத்தை மகன் கையில் இருந்தது; அதை எங்கே ஒளிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கங்காணி சட்டென்று திரும்பி, எதிர் மலையை வெகு அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார்.

"எங்க?" என்றார் அப்பா.

"தின்னுட்டோம்ப்பா."

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். கையை ஓங்கினாலும் ஓங்குவார் என்று நினைத்தேன். அவர் பையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை. வழி தவறியவர் முகம் அது.

"அப்ப... கல்யாணம் உண்டா, இல்லையா?"

விழவும் இல்லை, தட்டுக்கும் வராது. சாமி என்ன உத்தரவு கொடுத்திருக்கிறது என்று நிஜமாகவே அவருக்கு விளங்கவில்லை. எனக்கு அவர்மேல் அவ்வளவு பாவமாக இருந்தது.

"மரத்தைக் கேட்டது போதும்ப்பா. என்னைக் கேளுங்க."

அவருக்கு அதற்கு நேரம் பிடித்தது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"ஒனக்கு... இஷ்டமா ஆத்தா?"

"இஷ்டந்தான்ப்பா."

அந்த வார்த்தை என் வாயிலிருந்து வெளியே வரும்வரை எனக்கே அது தெரியாது. வந்த பிறகு சந்தேகமே இல்லை. அப்பா அந்தப் பக்கம் திரும்பி, "ஒனக்கு மாப்ளே?" என்றார். வாயில் கடைசித் துண்டு இருந்ததால் அவர் தலையை மட்டும் ஆட்டினார், பலமாக.

அப்பா எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். அப்புறம், இத்தனை வருஷத்துப் பழக்கம், மரத்தை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார், அது என்ன சொல்கிறது என்று.